அந்தோணிசாமியின் முட்டியும் ஜெபமாலையின் முட்டியும்

1. கேட்டது ஒருவர், கிடைத்தது இன்னொருவருக்கு

"நான் கேட்டதை அவளுக்குக் குடுக்குறீங்க. எனக்குக் கத்தியை வெக்கிறேங்குறீங்க. இது என்ன டாக்டர் நியாயம்?"

எங்கள் ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டரின் அறைக்கும் பிசியோதெரபி அறைக்கும் நடுவில் இருப்பது ஒரு பலகைத் தடுப்புதான். அங்கே இருமினால் இங்கே கேட்கும். நான் ஒருவருடைய தோள்பட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்தக் குரல் வந்ததும் தோள்பட்டைக்காரர் தன் வலியை மறந்து, "யாருங்க அது, இந்தப் போடு போடுறாரு?" என்று தடுப்பின் பக்கம் காதைச் சாய்த்தார்.

தஞ்சாவூரில் பிசியோதெரபிஸ்டாக எனக்கு இது இருபத்தெட்டாவது வருடம். தோள், இடுப்பு, கழுத்து எல்லாம் பார்த்திருக்கிறேன். ஆனால் என் பிழைப்பு பெரும்பாலும் முட்டியால்தான் ஓடியது. நடவு வயலில் இருபது வருடம் குனிந்து நிமிர்ந்தவர்கள் நிறைந்த ஊர் இது. முட்டிக்கு இங்கே பஞ்சமே வந்ததில்லை. இப்போது படிப்பை முடித்துவிட்டு வரும் பிள்ளைகள் என்னிடம், "மேடம், மறக்க முடியாத கேஸ் எது?" என்று கேட்பார்கள். நான் ஒன்றைச் சொல்ல மாட்டேன். இரண்டைச் சொல்வேன். இரண்டும் ஒரே வீட்டிலிருந்து வந்தவை.

சிறிது நேரத்தில் டாக்டர் என்னைக் கூப்பிட்டார். உள்ளே போனேன். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவர் அந்தோணிசாமி. அறுபத்தாறு வயது. திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் பதினைந்து மா, அதாவது ஐந்து ஏக்கர், நிலம் வைத்திருக்கும் விவசாயி. பக்கத்து நாற்காலியில், சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தவர் அவருடைய மனைவி ஜெபமாலை. அறுபத்தொன்று.

நடந்தது இதுதான். அவர்கள் மகன் துபாயில் இருக்கிறான். ஆபரேஷனே இல்லாமல் ஸ்டெம் செல் ஊசியால் முட்டியைச் சரிசெய்யலாம் என்று அவன் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறான். கத்தி என்றாலே கைகால் உதறும் அந்தோணிசாமி அதை நாற்பது தடவை பார்த்துவிட்டு, மனைவியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வந்திருக்கிறார். துணைக்கு வந்த அம்மா வாசற்படி ஏறும்போது இடது காலை இழுத்து இழுத்து வைத்ததை டாக்டர் கவனித்துவிட்டார். "நீங்களும் ஒரு எக்ஸ்ரே எடுத்துட்டு வாங்கம்மா" என்றார். அதில்தான் வந்தது வினை.

டாக்டர் இரண்டு எக்ஸ்ரேக்களையும் விளக்குப் பலகையில் அடுத்தடுத்து மாட்டியிருந்தார்.

"ஐயா, இது உங்க வலது முட்டி. இந்த ரெண்டு எலும்புக்கும் நடுவுல மெத்தை மாதிரி குருத்தெலும்பு இருக்கணும். உங்களுக்கு அது மொத்தமா தேஞ்சுபோச்சு. எலும்பும் எலும்பும் உரசுது. அம்மாவுக்குப் பாருங்க, பாதிக்கு மேல இன்னும் இருக்கு. இருக்கிறவங்களுக்குத்தான் இந்த ஊசியைப் போட்டுப் பார்க்கலாம். மண்ணே இல்லாத எடத்துல வெதைச்சு என்ன பிரயோசனம்?"

ஜெபமாலை முந்தானையை எடுத்துவிட்டுக் கணவரைப் பார்த்தார். "கேட்டுக்கிட்டீங்களா? என் முட்டியில மண்ணு இருக்காம்."

"வருஷம் பூரா சேத்துல நடந்தவன் நானு. மண்ணு இவளுக்கா?"

டாக்டர் சிரிக்கவில்லை. ஜெபமாலையிடம் மிகவும் நிதானமாகச் சொன்னார். "அம்மா, ஒன்னு நல்லாத் தெரிஞ்சுக்குங்க. உங்க இடுப்பெலும்புல இருந்து மஜ்ஜை எடுத்து, அதுல ஸ்டெம் செல் இருக்கிற பகுதியைப் பிரிச்சு, முட்டிக்குள்ள போடுவோம். உதவலாம். உதவாமலும் போகலாம். இதை ஆராய்ச்சியாத்தான், அனுமதி வாங்கி, சில பேருக்கு மட்டும் பண்றோம். குருத்தெலும்பு புதுசா வளர்ந்துடும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். உங்க வலி எப்படி இருக்குன்னு வாராவாரம் இந்த பிசியோ நூர்ஜகான் மேடம் கேட்டு எழுதுவாங்க. அதை உள்ளபடி சொல்லணும்."

"சொல்றேன் டாக்டர்" என்றார் ஜெபமாலை. அந்த அறையில் அன்றைக்கு அவர் சொன்னதில் நிறைவேறாமல் போனது அது ஒன்றுதான்.

2. பந்தயம்

பந்தயம் என் அறையில் வைத்துத்தான் பிறந்தது. அதற்கு நானும் உடந்தை.

இருவருக்கும் சிகிச்சைக்கு முன்னால் தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சி சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுக்க வைத்தேன். முட்டிக்குக் கீழே சுருட்டிய டவலை வைத்து, அதை அழுத்தச் சொன்னேன். டவலை அழுத்துகிறார்களோ இல்லையோ, ஒருவரையொருவர் அழுத்தினார்கள்.

"புது முட்டி போட்டுக்கிட்டு நான் நடக்குறப்ப நீ பாத்துக்கிட்டு நிப்ப."

"நீங்க வாக்கரைப் புடிச்சிக்கிட்டு நிக்கிறப்ப நான் சந்தைக்குப் போயிட்டு வந்துருவேன்."

"சந்தைக்கு யாரு வேணாலும் போவா. வரப்புல நட பாப்போம்."

வரப்பு என்றால் சாதாரண விஷயம் இல்லை. ஒரு பாதம் அகலம், வழுக்கல், இரண்டு பக்கமும் தண்ணீர். முட்டி கெட்டவர்கள் முதலில் இழப்பது வரப்பைத்தான். இரண்டு வருடமாக இருவரும் தங்கள் வயலை ரோட்டில் ஸ்கூட்டரை நிறுத்தி, அதன் மேல் உட்கார்ந்தபடிதான் பார்த்து வந்தார்கள்.

"சரி," என்றார் ஜெபமாலை. "குறுவை நடவுக்கு, ரோட்டுல இருந்து மோட்டார் கொட்டா வரைக்கும் வரப்புல யாரு முதல்ல நடந்து போறாங்களோ அவங்க ஜெயிச்சாங்க. நீங்க தோத்தா, ஆயுசுக்கும் காலையில காப்பி நீங்கதான் போடணும்."

"நீ தோத்தா, டிவி ரிமோட் ஆயுசுக்கும் என் கையில."

"மேடம், நீங்கதான் நடுவர்."

மறுத்திருக்க வேண்டும். ஆனால் உடற்பயிற்சி செய்யச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போன பிசியோவுக்கு, தானாகவே போட்டி போட்டுப் பயிற்சி செய்யும் இரண்டு பேஷன்ட் கிடைத்தால் எப்படி இருக்கும்? நான் ஒரு சார்ட் அட்டை வாங்கி, நடுவில் கோடு போட்டு, இடது பக்கம் 'ஊசி', வலது பக்கம் 'கத்தி' என்று எழுதிச் சுவரில் ஒட்டினேன். சிவப்பு ஸ்கெட்ச் பேனாவில், கொட்டை எழுத்தில்.

3. ஊசி கட்சி, கத்தி கட்சி

சம்பா அறுப்பு முடிந்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டு, கையில் கொஞ்சம் ஓய்வு கிடைத்த மார்ச் மாதத்தில் இருவருக்கும் ஒரே வாரத்தில் சிகிச்சை நடந்தது.

ஜெபமாலைக்கு முதலில். குப்புறப் படுக்க வைத்து, மரத்துப்போக ஊசி போட்டு, இடுப்பெலும்பின் பின்பக்கத்திலிருந்து மஜ்ஜை எடுத்தார்கள். தெம்புக்காக நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். "என்ன மேடம் பண்றாங்க?" என்றார். "மஜ்ஜை எடுக்குறாங்கம்மா." "போர் போடுற மாதிரி இருக்கு. தண்ணி வந்துச்சான்னு கேளுங்க." டாக்டருக்கே சிரிப்பு வந்து, ஒரு நிமிடம் கையை எடுத்துவிட்டார். எடுத்ததை சென்ட்ரிபியூஜ் மெஷினில் போட்டுச் சுற்றினார்கள். அது நிற்கும் வரை அந்த அம்மா, "எந்தச் செல்லு என்னுதுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு முட்டிக்குள் ஊசி. மறுநாள் காலையில் இடுப்பில் ஒரு பிளாஸ்திரியோடு, என் தோளைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை நடந்து வீட்டுக்குப் போனார்.

இரண்டு நாள் கழித்து அந்தோணிசாமிக்கு மூட்டு மாற்று ஆபரேஷன். தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போகும்போது கண்ணை இறுக்க மூடி ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தவர், மறுநாள் நான் வாக்கரோடு போய் நின்றதும், "இன்னிக்கேவா? தையல் பிரிஞ்சிடாது?" என்றார். எழுந்து நின்றார். நான்கு அடி வைத்தார். ஐந்தாவது அடியில் கதவு திறந்து ஜெபமாலை ஃபிளாஸ்க்கோடு உள்ளே வந்தார். வாக்கர் இல்லை, தடி இல்லை. கட்டிலைச் சுற்றி ஒரு நடை நடந்து காட்டினார். அந்தோணிசாமி ஆறாவது அடியையும் ஏழாவது அடியையும் பல்லைக் கடித்துக்கொண்டு வைத்தார். என் சர்வீஸில் மூட்டு மாற்று ஆபரேஷனுக்கு மறுநாள் அத்தனை அடி வைத்தவர்களை எண்ணிவிடலாம்.

அதன் பிறகு செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் எங்கள் அறை திருவிழாக் கடைத்தெருவாக இருந்தது. வார்டு உதவியாளர் ராணி ஊசி கட்சி. எக்ஸ்ரே தம்பி கத்தி கட்சி. தோள்பட்டைக்கு வந்தவர்கள், கழுத்துக்கு வந்தவர்கள் எல்லாம் தங்கள் நேரம் முடிந்த பிறகும் போகாமல் உட்கார்ந்திருந்தார்கள். மடக்கும் கோணத்தை அளக்கும் கருவியை நான் முட்டியில் வைத்ததும் கிரிக்கெட் ஸ்கோர் கேட்பதைப் போல எட்டிப் பார்ப்பார்கள்.

"எவ்வளவு மேடம்?"

"எழுபத்தஞ்சு டிகிரி."

"போன வாரம் எழுபது. பரவால்ல, பெரியவர் வராரு."

முட்டியை மடக்கும்போது அந்தோணிசாமி போடும் சத்தம் பார்மசி வரை கேட்கும். ஜெபமாலை பக்கத்துக் கட்டிலில் காலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே, "மெதுவாங்க, ஊருக்குக் கேக்கப் போவுது" என்பார். நான் அவர் பக்கம் திரும்பி, "உங்களுக்கு வலி எவ்வளவும்மா? சைபர்ல இருந்து பத்துக்குள்ள" என்று கேட்பேன். சிகிச்சைக்கு முன்னால் அதே அம்மா 'ஏழு' என்று சொன்னவர். இப்போது கணவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஒன்னு" என்பார்.

ராணி கை தட்டுவாள். நான் சார்ட்டில் எழுதுவேன். ஆராய்ச்சி நோட்டிலும் எழுதுவேன். ஒன்று. அடுத்த வாரம் ஒன்று. அதற்கடுத்த வாரமும் ஒன்று. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். வீட்டில் சமைக்கும்போது கூட என் கணவரிடம் ஜெபமாலையின் முட்டியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

4. எண்பது டிகிரி

ஆறாவது வாரத்தில் அந்தோணிசாமி நூற்றிப் பத்து டிகிரி மடக்கினார். கத்தி கட்சி ஆர்ப்பரித்தது. ஏழாவது வாரம் தொண்ணூற்றைந்து. எட்டாவது வாரம் எண்பது.

ஆபரேஷன் செய்த முட்டி இறுகிப் போனால், மயக்க மருந்து கொடுத்து மறுபடியும் மடக்க வேண்டி வரும். வீக்கம் இல்லை, சூடு இல்லை, தையல் சுத்தம். "ஐயா, வீட்ல பயிற்சி பண்றீங்களா?" என்று கேட்டேன். "பண்றேன் மேடம். என்னமோ மடங்க மாட்டேங்குது" என்று உச்சுக் கொட்டினார். ஆனால் சத்தம் போடவில்லை. எழுபது டிகிரிக்கு ஊரைக் கூட்டியவர், எண்பதில் மடக்கும்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். அது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

அன்றைக்கு அவர்கள் கிளம்பிப் போன பிறகு, கட்டிலில் ஜெபமாலையின் மருந்துப் பை கிடந்தது. எடுத்துக்கொண்டு வெளியே ஓடினேன். எதிரே பஸ் நிற்கும் இடத்தில் ஜெபமாலை பழக்கடைப் பக்கம் நின்றிருந்தார். திருக்காட்டுப்பள்ளி பஸ் அப்போதுதான் வந்து நின்றது. அந்தோணிசாமி சீட்டுப் பிடிக்க முன்னால் ஓடினார். ஓடினார் என்றால் ஓடினார்தான். உயரமான அந்தப் படியில் ஆபரேஷன் செய்த காலை முதலில் தூக்கி வைத்து, ஒரு கையால் கம்பியைப் பிடித்து ஏறி, ஒரு ஜன்னல் சீட்டில் துண்டையும் போட்டுவிட்டார்.

நான் ஜன்னலுக்கு நேராகப் போய் நின்றேன்.

"ஐயா, எண்பது டிகிரி முட்டி பஸ் படி ஏறாது."

போட்ட துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். முகம் செத்துப்போனது. மனைவி வருகிறாரா என்று பார்த்தார். ஜெபமாலை பழக்காரரிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தார்.

"மேடம், உங்களைக் கையெடுத்துக் கும்புடுறேன். அவகிட்ட சொல்லிடாதீங்க."

"எதுக்கு இப்படிப் பண்றீங்க?"

அவர் தலையை வெளியே நீட்டித் தாழ்ந்த குரலில் சொன்னார். "அவ நல்லா இல்ல மேடம். நான் டீக்கடைக்குப் போனதும் மாடிப்படியில ஏறி எறங்கிப் பழகுறா. ஜெயிக்கணும்னு. ஒரு நாள் பாதியில திரும்பி வந்துட்டேன். கொல்லைப் படியில பின்னாடி திரும்பி, கையை ஊணி எறங்கிக்கிட்டு இருந்தா. முட்டி வீங்கிக் கெடக்கு. என்னைப் பாத்ததும் சேலையை இழுத்து மூடிக்கிட்டா. நான் பாக்காத மாதிரி போயிட்டேன்."

"அதை எங்ககிட்ட சொல்ல வேண்டாமா?"

"அவ தோத்துட்டா, அவளுக்குப் போட்ட மருந்தும் தோத்துப்போச்சுன்னு ஆயிடும்ல. நாப்பது வருஷத்துல தனக்குன்னு அவ ஆசைப்பட்டு நம்புன வைத்தியம் இது ஒன்னுதான் மேடம். அதான் நான் கொஞ்சம் மெதுவாப் போனேன்."

கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார். நான் பஸ்ஸின் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டி நிறுத்தி, அந்தோணிசாமியை இறங்கச் சொன்னேன். பேரம் முடித்து மாதுளம்பழத்தோடு வந்த ஜெபமாலை, "ஏன் எறங்கிட்டீங்க? சீட்டு கெடைக்கலியா?" என்றார்.

5. சேலைக்குள் இருந்தது

அவரை மட்டும் அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினேன். ராணியைக் கூட வெளியே அனுப்பிவிட்டேன். "அம்மா, முட்டியைக் காட்டுங்க" என்றேன்.

"எதுக்கு மேடம், இப்பதானே பாத்தீங்க."

உண்மையில் நான் பார்த்திருக்கவில்லை. மூன்று வாரமாக அவர் சேலையை நன்றாக இறக்கிவிட்டு, "கூட்டமா இருக்கு, வெக்கமா இருக்கு" என்று சொல்லி, அதற்குள்ளேயே பயிற்சி செய்தார். கூட்டத்தைச் சேர்த்து வைத்தது நான். பார்க்காமல் விட்டதும் நான்.

சேலையை விலக்கியபோது முட்டி பருத்து, பளபளவென்று இருந்தது. தொட்டால் சூடு. உள்ளே நீர் அசைந்தது. ஊசி போட்ட முட்டியில் கிருமி போயிருந்தால் மூட்டே போய்விடும். இருபத்தாறு வருட அனுபவமும் அந்த நிமிடம் ஒன்றுக்கும் உதவவில்லை.

"இப்ப சொல்லுங்கம்மா. வலி எவ்வளவு?"

ஜெபமாலை சேலையை மறுபடி முட்டி மேல் இழுத்துவிட்டார். பிறகு, "எட்டு" என்றார். "அவரு ஆசையாக் கேட்டு அவருக்குக் கெடைக்காத வைத்தியம் மேடம். நான் கேக்காமலே எனக்குக் கெடைச்சுது. அதை வாங்கிக்கிட்டு நல்லாகலேன்னு எந்த மூஞ்சியை வெச்சிக்கிட்டுச் சொல்றது? மொதல்ல நெசமாவே நல்லாத்தான் இருந்துச்சு. ரெண்டு, மூணுன்னு இருந்துச்சு. நீங்க சந்தோசப்படுறீங்களேன்னு ஒன்னுன்னு சொன்னேன். அப்புறம் அதுல இருந்து ஏத்த முடியல."

டாக்டர் உடனே வந்தார். ஊசியால் நீரை உறிஞ்சினார். மஞ்சளாக, தெளிவாக வந்தது. அதைப் பார்த்ததும் டாக்டர் ஒரு மூச்சு விட்டார். பிறகுதான் நான் மூச்சு விட்டேன். சோதனைக்கு அனுப்பி, கிருமி எதுவும் இல்லை என்று முடிவு வர இரண்டு நாள் ஆனது. மாடிப்படியில் ஏறி இறங்கியதால் வந்த வீக்கம் அது.

அன்றைக்கு டாக்டர் என்னிடம் குரலை உயர்த்தவில்லை. சுவரில் இருந்த சார்ட்டைப் பார்த்தார். "நூர்ஜகான், இது பிசியோ ரூமா, ரேஸ் மைதானமா?" என்றார். அப்புறம் ஆராய்ச்சி நோட்டை என் முன்னால் திறந்து வைத்தார்.

"எட்டு வாரமா ஒன்னு, ஒன்னுன்னு எழுதியிருக்கோம். இதை நம்பி நாளைக்கு எங்கேயோ ஒரு டாக்டர், ஆபரேஷன் வேண்டிய ஆளுக்கு இந்த ஊசியைப் போடுவாரு. அந்த ஆளு வருஷக்கணக்கா வலியோட நடப்பாரு. அந்த வலியை யாரு எழுதினதுன்னு யாருக்கும் தெரியாது. நமக்கு மட்டும்தான் தெரியும்."

நோட்டில் கிறுக்கி அழிக்கக் கூடாது என்பது விதி. பழைய எண்ணைப் படிக்க முடிகிற மாதிரி ஒரே கோடு, பக்கத்தில் காரணம், கையெழுத்து, தேதி. எட்டு வரிக்கும் எட்டுக் கையெழுத்துப் போட்டேன். எந்தக் கையெழுத்தையும் அவ்வளவு மெதுவாகப் போட்டதில்லை. ஆராய்ச்சிக்கு அனுமதி கொடுத்த கமிட்டிக்கும் டாக்டர் கடிதம் எழுதினார். சார்ட்டை நானே கிழித்தேன்.

கடைசியாகக் கணவன் மனைவி இரண்டு பேரையும் எதிரெதிரே உட்கார வைத்து, அவரவர் செய்ததை அவரவர் வாயாலேயே சொல்ல வைத்தேன்.

ஜெபமாலைக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "வேணும்னே தோத்தீங்களா? என்னைப் பாத்தா அவ்வளவு எளக்காரமா இருக்கா?"

"நீ மட்டும் வேணும்னே ஜெயிச்சியே, அது என்னவாம்?"

"நீங்க ஏன் மெதுவாப் போனீங்க?"

"நீ ஏன் வேகமாப் போன?"

இருவரும் முறைத்துக்கொண்டார்கள். முதலில் உடைந்தது அந்தோணிசாமிதான். சிரிப்பில் தோள் குலுங்கியது. ஜெபமாலை அழப் போகிறார் என்று நான் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். அவர் அதை வாங்கிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். தடுப்புக்கு அந்தப் பக்கம் டாக்டரின் சிரிப்பும் கேட்டது. நான் மட்டும் ஏன் அழுதேன் என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

அந்தோணிசாமியைக் கட்டிலில் படுக்க வைத்து முட்டியை அளந்தேன். நூற்றிப் பதினான்கு.

6. வரப்பு

அதற்குப் பிறகு ஒழுங்காக வேலை நடந்தது. ஜெபமாலைக்கு இரண்டு வாரம் ஓய்வு, ஐஸ், பிறகு சிறிது சிறிதாகத் தொடைக்குப் பயிற்சி. வாராவாரம் தனியாக வைத்து வலியைக் கேட்டேன். எட்டு ஏழானது, ஆறானது, ஐந்தில் வெகுநாள் நின்றது.

மேட்டூர் தண்ணீர் வாய்க்காலுக்கு வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் வரச் சொன்னார்கள். டாக்டரிடம் அனுமதி கேட்டேன். "அகலமான வரப்பாப் பாத்து, தடியோட, மெதுவா. யாரும் யாரையும் முந்தக் கூடாது" என்றார். நானும் என் கணவரும் பைக்கில் போனோம். ராணி பஸ்ஸில் வந்திருந்தாள்.

வயலில் நடவு நடந்துகொண்டிருந்தது. நாற்றைக் கையில் வைத்துக்கொண்டு பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். தண்ணீர் வெயிலில் கண்ணைப் பறித்தது. இரண்டு வருடம் கழித்து அந்தோணிசாமி செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் கால் வைத்தார். வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். "ஈரமா இருக்கு" என்றார், அதை அன்றைக்குத்தான் கண்டுபிடித்ததைப் போல. பின்னால் ஜெபமாலை. அவருக்குப் பின்னால் கையை விரித்துக்கொண்டு நான், இரண்டு பேரில் யார் வழுக்கினாலும் பிடிப்பதற்கு. நடந்த மூன்று பேரில் வழுக்கி ஒரு காலையும் கையையும் சேற்றில் விட்டது நான்தான். நடவுப் பெண்கள் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

பாதி தூரம் போனதும் ஜெபமாலை நின்றார். தடியை ஊன்றி, முட்டியின் மேல் கை வைத்தார். பின்னால் காலடிச் சத்தம் கேட்காததால் அந்தோணிசாமி திரும்பிப் பார்த்தார். அவரும் நின்றுவிடுவார் என்று நினைத்தேன்.

"நீங்க போங்க" என்றார் ஜெபமாலை. பிறகு வயல் முழுக்கக் கேட்கும்படி என்னிடம் சொன்னார்: "மேடம், நாலு. இதுக்கு மேல வேணாம். நாலுன்னு எழுதிக்குங்க."

நான் சேறு அப்பிய கையை என் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு, கைபேசியில் நாலு என்று எழுதினேன். என் வேலையில் நான் எழுதியதில் எனக்கு மிகவும் பிடித்த எண் அது. ஏழிலிருந்து நாலு. அது ஸ்டெம் செல் செய்த வேலையா, பயிற்சி செய்த வேலையா, ஓய்வு செய்த வேலையா என்று டாக்டரிடம் கேட்டபோது, "ஒரு ஆளை வெச்சுச் சொல்ல முடியாது" என்றார். எனக்கும் அவ்வளவுதான் தெரியும்.

அந்தோணிசாமி மோட்டார் கொட்டகையைத் தொட்டுவிட்டு, கையைத் தூக்கிக் காட்டினார். ரிமோட் அவருடையதானது. ஜெபமாலை முறையாக அதைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாராம். ஆனால் சாயங்காலம் சீரியல் வரும் சேனல் எது என்று மனைவியிடம்தான் கேட்க வேண்டியிருந்தது. ஒரு வாரம் கழித்துச் சிகிச்சைக்கு வந்தபோது அவர் என்னிடம் அந்த சீரியலின் கதையைப் பத்து நிமிடம் சொன்னார்.

இது நடந்து இரண்டு வருடம் ஆகப் போகிறது. ஜெபமாலையின் முட்டி இரண்டுக்கும் நாலுக்கும் நடுவில் இருக்கிறது. மழைக்காலத்தில் ஐந்து. அதே ஊசி போட்டுக்கொண்ட இன்னொருவருக்கு எந்தப் பலனும் இல்லாமல், கடைசியில் ஆபரேஷன்தான் செய்ய வேண்டி வந்தது. வாட்ஸ்அப் வீடியோவோடு வருகிறவர்களுக்கு இரண்டு கதையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

7. கதவு

படித்துவிட்டு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுப்பது கோணம் அளப்பதையோ தசைகளின் பெயரையோ அல்ல. அதெல்லாம் அவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் சொல்வது ஒன்றே ஒன்று. வலி எவ்வளவு என்று கேட்கும்போது அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது. கணவன், மனைவி, மகன், மருமகள், கை தட்டும் உதவியாளர், யாரும். முக்கியமாக, நல்ல பதிலுக்காக ஆசையோடு காத்திருக்கும் நம் முகமும் இருக்கக் கூடாது. மனிதர்கள் தங்கள் வலியை எதிரில் இருக்கிறவருக்குத் தகுந்த மாதிரிதான் சொல்கிறார்கள். பாசத்தால் குறைத்துச் சொல்கிறவர்கள்தான் அதிகம்.

போன மாதம் அய்யம்பேட்டையிலிருந்து ஒரு துணிக்கடைக்காரர் முட்டிவலியோடு வந்தார். மனைவியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக் கேட்டேன். "எட்டு" என்றார், கண் கலங்க. எழுதிக்கொண்டேன். கதவைத் திறந்ததும் மனைவி எழுந்து வந்து, "என்னங்க, ரொம்ப வலிக்குதா?" என்று கேட்டார்.

"சேச்சே. ரெண்டுதான்."

அந்த அம்மா நிம்மதியாகச் சிரித்தார். நானும் சிரித்தேன். நோட்டில் எட்டு என்று இருந்ததை அப்படியே விட்டேன்.